கொட்டகைக்குள் அம்மோனியா: பொடிகள், மீட்டர், கிளறும் மெஷின் – எதற்குக் காசு கொடுக்கலாம்?

ஐப்பசி மழை பிடித்ததும் பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி வட்டாரக் கறிக்கோழிப் பண்ணைகளில் ஒரே கேள்விதான் சுற்றும்: "நாத்தத்துக்கு என்ன பொடி போடறீங்க?" ஒப்பந்தத்துக்கு வளர்க்கக் கொடுக்கும் கம்பெனி குஞ்சு தருகிறது, தீவனம் தருகிறது, மருந்தும் தருகிறது. தரையில் விரிக்கும் மஞ்சி (தேங்காய் நார்த்தூள்), கரண்ட், தண்ணீர், ஆள் எல்லாம் பண்ணையாளர் பொறுப்பு. கூளத்தில் (எச்சம் கலந்த மஞ்சிப் படுக்கையில்) போடும் பொடிக்கான காசும் வளர்ப்புக் கூலியிலிருந்துதான் போகிறது. அதனால் கடையில் அடுக்கியிருக்கும் மூட்டைகளில் எது உழைக்கும், எது கண்துடைப்பு என்று தெரிந்துகொள்வது நல்லது.

இங்கே பிராண்டு பார்க்கவில்லை. ஒரே சரக்கு பத்துப் பெயரில் வருகிறது. மூட்டையின் பின்பக்கம் என்ன பொருள் என்று எழுதியிருக்கிறதோ அதை வைத்துத்தான் மதிப்பீடு. எழுதாமல் "ஸ்பெஷல் ஃபார்முலா" என்று மட்டும் போட்டிருந்தால் அந்த மூட்டையைத் தொட வேண்டாம். அளவுகோலுக்கு எடுத்துக்கொண்டது 5,000 கோழி, 5,000 சதுர அடி, பக்கவாட்டில் படுதா கட்டிய திறந்த கொட்டகை, இரண்டு அங்குலம் தேங்காய் மஞ்சி, நிப்பிள் லைன் (கோழி அலகால் தட்டிக் குடிக்கும் தண்ணீர்க் குழாய்).

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அமிலப் பொடிகள் நிஜமாகவே வேலை செய்கின்றன. ஆனால் நிப்பிளும் படுதாவும் சரியில்லாத கொட்டகையில் அவை இரண்டு வாரத் தவணை வாங்கித் தரும், அவ்வளவுதான். கடன் அப்படியே நிற்கும்.

நாற்றம் எப்படிப் பிறக்கிறது

கோழி எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். கூளத்திலுள்ள பாக்டீரியா அதை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. அதற்கு ஈரம், சூடு, காரத்தன்மை மூன்றும் வேண்டும். கூளத்தின் பி.எச். (அமில-கார அளவு; 7 நடுநிலை, கீழே அமிலம், மேலே காரம்) 7-க்குக் கீழே இருக்கும்வரை அம்மோனியா உப்பாக மாறி கூளத்திலேயே கட்டுப்பட்டுக் கிடக்கும். 8-ஐத் தாண்டினால் வாயுவாகக் கிளம்பும். புது மஞ்சி இயல்பிலேயே சற்று அமிலமானது, 5.5 முதல் 6.5 வரை இருக்கும். புது மஞ்சியில் விட்ட பேட்ச் (ஒரே சமயத்தில் வளரும் கோழிக் கூட்டம்) முதல் இரண்டு வாரம் நாறாததற்கு அதுதான் காரணம். எச்சம் சேரச் சேர மூன்றாவது வாரத்துக்கு மேல் பி.எச். 8-ஐத் தாண்டி ஏறுகிறது. கோழி வேகமாக உடம்பு வைக்கும் நாளும் அதேதான். அதனால் நாற்றம் திடீரென்று வந்ததுபோல் தோன்றும்.

காற்றில் அம்மோனியாவின் வரம்பு 25 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 25 பங்கு) என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007-ஆம் ஆண்டுக் கறிக்கோழி விதியில், சதுர மீட்டருக்கு 33 கிலோவுக்கு மேல் நெருக்கி வளர்ப்பவர்கள் கோழியின் தலை மட்டத்தில் 20 பி.பி.எம்.முக்குள் வைத்திருக்க வேண்டும். முதல் நான்கு வாரம் அம்மோனியாவில் வைத்து வளர்த்துப் பார்த்த ஓர் அமெரிக்கச் சோதனையில், ஏழாவது வாரத்தில் 50 பி.பி.எம். பட்ட கோழிகள் 6 சதவீதமும், 75 பட்டவை 9 சதவீதமும் எடை குறைந்திருந்தன. காரணம் எளிது. மூச்சுக்குழாயின் உள்ளே தூசியை வெளியே தள்ளும் மயிரிழைகள் முதலில் சாகின்றன; அதன்பின் ஈ.கோலை கிருமி உள்ளே இறங்குகிறது. லசோட்டா (வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து) கொடுத்த பிறகு ஒரு வாரமாகியும் கொரகொரப்பு அடங்கவில்லை என்றால் தடுப்பு மருந்தைக் குறை சொல்லும் முன் விடியற்காலைக் காற்றை அளந்து பார்க்க வேண்டும்.

தினமும் உள்ளேயே இருப்பவரின் மூக்கை நம்பக்கூடாது. அது பழகிப் போய்விடும். வெளியிலிருந்து வருகிறவர் "கண்ணு எரியுதுங்க" என்று சொன்னால் அதுதான் சரியான அளவு.

சுண்ணாம்பு: கோழி இருக்கும்போது வேண்டாம்

அதிகம் விற்பது இதுதான், அதிகம் கெடுப்பதும் இதுதான். சுண்ணாம்பு காரம். கூளத்தின் பி.எச்.ஐ மேலே தூக்கி, உப்பாகக் கட்டுண்டு கிடந்த அம்மோனியாவையும் வாயுவாக வெளியேற்றிவிடும். போட்ட அன்றும் மறுநாளும் கொட்டகையில் நிற்க முடியாது. மூன்றாம் நாள் நாற்றம் குறைந்ததும் "சுண்ணாம்பு கேட்டுருச்சு" என்று நினைப்போம். கிளம்ப வேண்டியது எல்லாம் கோழியின் கண் வழியாகவும் நுரையீரல் வழியாகவும் கிளம்பி முடிந்துவிட்டது என்பதுதான் நடந்தது. நான்கைந்து நாளில் புது எச்சம் விழுந்து பழைய கதை தொடங்கும்.

ஈரம் உறிஞ்சும் என்கிற வாதத்திலும் பாதிதான் உண்மை. உறிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. 56 கிலோவுக்கு 18 கிலோ தண்ணீர் பிடிக்கும். அப்போது கொதிக்கிற சூட்டில் பாதம் வெந்துபோகும். ஏற்கெனவே நீற்றிய சுண்ணாம்புத் தூளுக்கு ஈரம் பிடிக்கும் வேலையே தெரியாது.

சுண்ணாம்புக்கு இடம் உண்டு: கூளம் அள்ளிய பிறகு காலித் தரை, சுவர், கொட்டகையைச் சுற்றியுள்ள மண். அதோடு சரி. அடுத்து வரும் அமிலப் பொடியையும் சுண்ணாம்பையும் ஒரே வாரத்தில் போடுவது இரண்டு மூட்டைக் காசையும் கூட்டிப் பெருக்கிக் குப்பையில் போடுவதற்குச் சமம். ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

சோடியம் பைசல்பேட்: சிறந்தது, லேபிளை அப்படியே நம்பாவிட்டால்

வெள்ளைக் குருணை. அமெரிக்கப் பண்ணைகளில் பி.எல்.டி. என்ற பெயரில் வெகுகாலமாகப் புழங்குவது இதுதான். கூளத்தின் ஈரத்தில் கரைந்து மேற்பரப்பை அமிலமாக்கும்; அம்மோனியா உப்பாகக் கட்டுப்படும். அளவு 1,000 சதுர அடிக்கு 25 முதல் 50 கிலோ. இரண்டு முதல் மூன்று வாரம் தாங்கும். நாம் பார்த்த பொடிகளில் வேகத்தில் முதலிடம் இதற்கே.

ஆனால் மூட்டையில் அச்சடித்திருக்கும் செய்முறை அங்கத்திய பழக்கத்துக்கு எழுதியது. அங்கே ஒரே கூளத்தில் பல பேட்ச் வளர்ப்பார்கள். அதனால் குஞ்சு இறங்கும் முதல் நாளே பழைய கூளம் அம்மோனியா கக்கும். குஞ்சு விடுவதற்கு முந்தைய நாள் பொடி தூவச் சொல்வதற்கு அதுதான் காரணம். புது மஞ்சி போட்டுக் குஞ்சு விடுகிறவர் அன்றைக்கே இதைத் தூவினால், ஏற்கெனவே அமிலமாக இருப்பதை மேலும் அமிலமாக்கக் காசு கொடுக்கிறார். புது மஞ்சியில் சரியான நேரம் 14 முதல் 18-ஆம் நாள். பழைய மஞ்சியை மறுபடி பயன்படுத்துபவர் லேபிள்படி குஞ்சு வருவதற்கு முந்தைய நாள் போடலாம். ப்ரூடிங் (குஞ்சுக்குச் சூடு காட்டி வளர்ப்பது) நடக்கும் மூன்றில் ஒரு பாகத்துக்கு மட்டும் போட்டால் போதும். 1,700 சதுர அடிக்கு 45 கிலோவில் தொடங்கலாம்.

இன்னொரு சங்கதி. இது மேற்பரப்பில் உட்கார்ந்து வேலை செய்யும் பொருள். அங்கே கோழி இருக்கும்போது யாரும் கூளத்தைக் கிளறுவதில்லை. நாம் தினம் கிளறுகிறோம். காலையில் பொடி தூவி மதியம் கிளறினால் இரண்டு அங்குல மஞ்சியிலும் கலந்து நீர்த்துப் போய்விடும். முதலில் கிளறு, கட்டியை அள்ளு, பிறகு தூவு, அந்த இடத்தை நான்கு நாள் விட்டுவிடு. இந்த வரிசை தவறினால்தான் "போட்டும் கேக்கலைங்க" என்ற புகார் வருகிறது.

குறைகள்: மழைக்காலத்தில் வாய் திறந்த மூட்டை ஒரே இரவில் கல்லாகிவிடும். கம்பி வலை, ஜி.ஐ. குழாய், ஃபீடர் சங்கிலி மேல் விழுந்தால் துரு ஏறும். தூவும்போது கண்ணாடியும் கையுறையும் வேண்டும். வியர்த்த கையில் பட்டாலே எரியும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

ஒரு கோழி 4.2 கிலோ தீவனம் தின்கிறது; 20 சதவீதம் புரதம் என்றால் அதில் 134 கிராம் நைட்ரஜன். 2.3 கிலோ உடம்பில் சுமார் 69 கிராம் தங்குகிறது. மீதி 65 கிராம் கூளத்துக்கு. 5,000 கோழிக்கு 325 கிலோ நைட்ரஜன். அதில் கால்வாசி அம்மோனியாவாகப் போகிறது என்று வைத்தால்கூட ஏறத்தாழ 100 கிலோ அம்மோனியா.

சோடியம் பைசல்பேட் ஒரு கிலோ கட்டக்கூடியது அதிகபட்சம் 0.14 கிலோ அம்மோனியா. 5,000 சதுர அடிக்கு 125 கிலோ தூவினால் பதினேழரை கிலோ கட்டும். அடுத்துப் பார்க்கப்போகும் ஆலம் ஒரு கிலோவுக்கு 0.17, 300 கிலோ போட்டால் 51 கிலோ. எந்தப் பொடி வியாபாரி "ஒரு தடவை போட்டால் பேட்ச் முழுக்க நிற்கும்" என்று சொன்னாலும், 2 கிலோ பாக்கெட்டை "5,000 கோழிக்குப் போதும்" என்று நீட்டினாலும் இந்தக் கணக்கை அவர் முன் வைக்கலாம். வேதியியல் தள்ளுபடி தராது.

ஆலம்: பொறுமைக்காரருக்கு

அலுமினியம் சல்பேட், குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் போடும் அதே ஆலம். கோழிக் கூளத்தில் இதைப் போடும் முறையை 1990-களில் அமெரிக்க வேளாண் துறையின் ஆராய்ச்சிப் பிரிவு அர்கான்சாஸில் உருவாக்கியது. அளவு கோழிக்கு 45 முதல் 90 கிராம். 5,000 கோழிக்கு 225 முதல் 450 கிலோ. சோடியம் பைசல்பேட்டைவிட மெதுவாகத் தொடங்கி நீண்ட நாள் பிடிக்கும். கூடுதல் லாபம் ஒன்று: எருவில் உள்ள பாஸ்பரஸைக் கரையாத வடிவில் கட்டிவிடும். கிணற்றை ஒட்டியோ குளத்துக்கு மேட்டிலோ கொட்டகை இருந்தால், மழையில் வழிந்து போகும் தண்ணீருக்கு இது நல்லது.

வாங்கும்போது இரண்டு தவறு நடக்கிறது. முதலாவது, நாட்டு மருந்துக் கடைப் படிகாரத்தை ஆலம் என்று வாங்குவது. அது பொட்டாஷ் படிகாரம். அம்மோனியா கட்டும் திறன் கிலோவுக்கு 0.11-தான், விலையோ கூட. கெமிக்கல் கடையில் "நான்-ஃபெரிக் ஆலம், 17 சதவீத அலுமினா" என்று கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது, பாளமாக வாங்கி வந்து சுத்தியலால் உடைத்துத் தூவுவது. நெல்லிக்காய் அளவுக் கட்டி அது விழுந்த இடத்தை மட்டும்தான் அமிலமாக்கும். ரவை பருமனுக்கு அரைத்தது வேண்டும். மாவாக அரைத்ததும் வேண்டாம், தூவுகிறவரும் கோழியும் சேர்ந்து தும்முவார்கள்.

மழைக்காலப் பேட்சுக்கு முழுக் கொட்டகைக்கும் ஒரே தடவை போட நினைப்பவருக்கு ஆலம். நிப்பிள் லைன் அடியில், ப்ரூடிங் பகுதியில் என்று இடம் பார்த்து அவசரத்துக்குப் போடுபவருக்கு சோடியம் பைசல்பேட். இரண்டையும் வாங்கி வைக்கத் தேவையில்லை.

மீதி பொடிகள், சுருக்கமாக

ஜியோலைட், கடலோர இறால் குட்டைகளில் போடும் அதே சாம்பல் பொடி. அம்மோனியத்தைப் பிடித்து வைக்கும், ஆனால் பி.எச்.ஐ இறக்காது. பயன் தெரிய மூட்டை மூட்டையாக வேண்டும். காய்ந்த கொட்டகையில் தூசிதான் மிச்சம். சூப்பர் பாஸ்பேட் பழைய கையேடுகளில் 100 சதுர அடிக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் இருக்கும். கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை, எருவில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஏறும்.

நுண்ணுயிர்க் கலவைகள் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிக இனிமையாகப் பேசி விற்கப்படுவது இதுதான். வெல்லக் கரைசலில் ஊறவைத்துக் கூளத்தின் மேல் தெளிக்கச் சொல்வார்கள். ஈரத்தைக் குறைக்கப் படாத பாடு படும் இடத்தில் குடம் குடமாகத் தண்ணீர் தெளிப்பது முதல் முரண். குளோரின் கலந்த தண்ணீரில் கரைத்தால் பாதி உயிர் அங்கேயே போய்விடும். ஒரு பேட்சில் கேட்டது அடுத்த பேட்சில் கேட்காது. பாக்கெட்டில் எந்த நுண்ணுயிர், கிராமுக்கு எத்தனை, காலாவதி எப்போது என்ற மூன்றும் இல்லையென்றால் வாங்க வேண்டாம். இருந்தால், கொட்டகைக்குள் தெளிப்பதைவிட வெளியே எருக் குவியலில் போட்டுப் பார்ப்பதுதான் பொருத்தம். அங்கே அதற்கு ஈரமும் நேரமும் கிடைக்கிறது.

மீட்டர்: பொடிக்கு முன் இதை வாங்குங்கள்

கையில் பிடித்து அளக்கும் எலக்ட்ரோகெமிக்கல் அம்மோனியா மீட்டர் 0 முதல் 100 பி.பி.எம். வரை காட்டினால் பண்ணைக்குப் போதும். 500, 1,000 வரை காட்டுவது குளிர்பதன ஆலைக்கானது. நமக்கு வேண்டிய 10-க்கும் 25-க்கும் நடுவில் அது தடுமாறும். விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: "சென்சார் மட்டும் தனியாக மாற்றித் தருவீர்களா, காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) எங்கே செய்வது?" சென்சாரின் ஆயுள் சுமார் இரண்டு வருடம். மாற்ற வழியில்லாத மீட்டர் இரண்டு வருடத்தில் பேப்பர் வெயிட்.

சென்சார் சீக்கிரம் செத்துப்போகக் காரணம் பெரும்பாலும் நாமே. கொட்டகையில் ஆணியடித்து இரவும் பகலும் மாட்டி வைப்பது, லிக்கர் அம்மோனியா (அம்மோனியாத் திரவம்) பாட்டிலின் வாயில் பிடித்து "வேலை செய்யுதா" என்று பார்ப்பது, ஃபார்மலின் புகை போடும்போது உள்ளேயே விட்டுவிடுவது. அளந்து முடித்ததும் வெளியே கொண்டுவந்து பூஜ்யத்துக்கு இறங்கும்வரை நல்ல காற்றில் வைத்துவிட்டு உறையில் போட வேண்டும்.

அளக்கும் நேரம் விடியற்காலை 5 மணி, படுதாவை இறக்கித் திறக்கும் முன். உயரம் தரையிலிருந்து அரை அடி. நின்றபடி மார்பு மட்டத்தில் பிடித்தால் உங்கள் மூச்சுக்கான அளவு வரும், கோழியுடையது வராது. இரண்டு கோடியிலும் நடுவிலும் மூன்று இடம், ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம். எண் 15-ஐத் தாண்டினால் அன்றைக்கே படுதாவையும் நிப்பிளையும் பார்க்க வேண்டும். 25 என்றால் ஏற்கெனவே தாமதம்.

ஆன்லைனில் மலிவாக வரும் "ஏர் குவாலிட்டி" பெட்டிகளில் எம்.க்யூ.-135 போன்ற சென்சார் இருக்கும். அது அம்மோனியா, புகை, சாராய ஆவி எல்லாவற்றுக்கும் ஒரேபோல் துள்ளும். ஈரப்பதம் மாறினாலும் எண் மாறும். ப்ரூடர் அடுப்புப் பக்கத்தில் வைத்தால் அது சொல்வது அடுப்பைப் பற்றி. இதற்குப் பதில் அம்மோனியா சோதனைத் தாள் மேல். நனைத்துக் காற்றில் 15 நொடி பிடித்து நிறத்தை ஒப்பிட வேண்டும். துல்லியம் குறைவு, ஆனால் 10-ஆ, 20-ஆ, 50-ஆ என்று சொல்லிவிடும். நனைப்பதற்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் வேண்டும். போர்த் தண்ணீர் காரமானது. அதில் நனைத்தால் அம்மோனியா இல்லாத இடத்திலும் தாள் நிறம் மாறும். ஒரே ஒரு கொட்டகை வைத்திருப்பவருக்கு இந்தத் தாளே போதும்.

கிளறும் மெஷின்: நல்ல கருவி, கெட்ட பழக்கங்கள்

கூளத்தைக் கிளறிக் காயவிடும் இந்த மெஷின், களை எடுக்கும் பவர் வீடரைச் சின்னதாக்கியதுபோல் இருக்கும். பெட்ரோல், கரண்ட், பேட்டரி என்று மூன்று விதம். பெட்ரோல் மெஷின் இழுவையில் மிஞ்சும். ஆனால் படுதா மூடிய கொட்டகையில் கார்பன் மோனாக்சைடு கக்கும். மஞ்சித் தூசி ஏர் ஃபில்டரை ஒரே நாளில் அடைக்கும், தினம் தட்டிச் சுத்தம் செய்யாவிட்டால் புகை கூடும். கரண்ட் மெஷினில் ஒயர்தான் தொல்லை. ஃபீடர் காலில் சிக்கும், இழுத்தால் தோல் உரியும், ஈரக் கூளத்தில் கசியும், இ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் கருவி) இல்லாத லைனில் ஓட்டக்கூடாது. பேட்டரி மெஷின் 5,000 சதுர அடிக்குள் என்றால் வசதி. ஒரு சார்ஜில் முழுக் கொட்டகையும் முடியுமா என்பதைக் காய்ந்த கூளத்தில் காட்டுவார்கள். ஐந்தாவது வாரக் கூளத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அகலம் இரண்டு அடிக்கு மேல் வேண்டாம், லைன்களுக்கு நடுவே திரும்பாது. பல்லின் ஆழத்தை மாற்றும் வசதி கட்டாயம்: கூளத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஆழம் போதும். மண்தரையில் முழு ஆழமும் போனால் மண்ணைப் பெயர்த்து மஞ்சியோடு கலந்துவிடும், எரு வாங்குபவர் விலை குறைப்பார்.

10 அல்லது 12-ஆம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் வாரத்துக்கு மேல் தினமும். காலை 10 மணிக்கு மேல், படுதா இறக்கி, காற்று ஓடும்போது மட்டும். கிளறும்போது அடைபட்டிருந்த அம்மோனியா ஒரே வீச்சில் கிளம்பும். சாயங்காலம் கிளறிவிட்டு படுதாவை மூடுவது கோழிக்குச் செய்யும் துரோகம். மெஷினுக்கு முன்னால் ஓர் ஆள் கோழியை மெல்ல விலக்கிக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் மூலையில் குவிந்து மூச்சு முட்டிச் சாகும். விற்பனைக்குக் கோழி பிடிப்பதற்கு முந்தைய இரண்டு நாள் மெஷினை எடுக்காதீர்கள். முதுகுக் கீறல் எல்லாம் அப்போதுதான் விழும்.

பெரிய தவறு, அடை பிடித்த ஈரக் கட்டியை மெஷினால் உடைத்துப் பரப்புவது. ஒரு இடத்தில் இருந்த சேறு பத்து இடத்துக்குப் போகும், இரத்தக் கழிச்சலின் முட்டைகளும் கூடவே போகும். நிப்பிளுக்கு அடியில் கட்டியாக இருப்பதை மண்வெட்டியால் அள்ளிச் சாக்கில் போட்டு வெளியேற்றிவிட்டு, அங்கே காய்ந்த மஞ்சி போட்டு, அதன்பின்தான் மெஷின். ஈரம் பார்க்க மீட்டர் தேவையில்லை. ஒரு கைப்பிடி இறுக்கிப் பிடித்து விரியுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகை. லேசாகச் சேர்ந்து உதிர்ந்தால் 25 சதவீதம் அளவில் இருக்கிறது, நன்று. சேரவே இல்லையென்றால் தூசிக் கட்டம், கிளறுவதை நிறுத்துங்கள். முகத்தில் போடும் என்-95 தூசியைத் தடுக்கும், அம்மோனியாவைத் தடுக்காது.

கடையில் விற்காத இரண்டு

நிப்பிளில் நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் நாளைக்கு நாலு லிட்டர். பத்து நிப்பிள் ஒழுகினால் நாற்பது லிட்டர் தண்ணீரைத் தினம் கூளத்தில் ஊற்றுகிறோம். எந்தப் பொடியும் அதைத் தாங்காது. நீரோட்டம் வார வயதை 7-ஆல் பெருக்கி 20 கூட்டினால் வரும் மில்லி அளவு, நிமிடத்துக்கு. ஐந்தாவது வாரத்தில் 55 மில்லி. ஒரு பாட்டிலை நிப்பிளில் அழுத்திப் பிடித்து ஒரு நிமிடம் அளந்தால் தெரிந்துவிடும். 90 வந்தால் பிரஷர் கூடுதல், கோழி குடிப்பதைவிடச் சிந்துவது அதிகம். கோழி நிமிர்ந்து எட்டிக் குடிக்கும் உயரம் வேண்டும். குனிந்தோ பக்கவாட்டிலோ குடித்தால் அலகிலிருந்து வழிந்துவிடும். உப்புப் போர்த் தண்ணீர் உள்ள இடங்களில் நிப்பிள் ஊசியில் உப்பு படிந்து மூடாமல் நிற்கும். பேட்ச் இடைவெளியில் சிட்ரிக் அமிலக் கரைசலை லைனில் ஒரு இரவு நிறுத்தி அலசிவிடலாம்.

படுதா கீழே நிலையாகக் கட்டப்பட்டு, மேலிருந்து இறங்குவதாக இருக்க வேண்டும். மேலே ஒன்று ஒன்றரை அடி திறந்தால் கெட்ட காற்று போகும், குஞ்சின் மேல் நேராகக் காற்று படாது. கீழிருந்து சுருட்டும் படுதாவில் இது நடக்காது. அதனால்தான் ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் வேகத்துக்குப் பயந்து மேற்குப் பக்கத்தை அடியோடு மூடுகிறார்கள். கிழக்கே மேல் இடைவெளி விட்டிருந்தால் போதும். காஸ் ப்ரூடர் வைத்து நாலு பக்கமும் இறுக்கி மூடுவதில் இன்னொரு வில்லங்கம்: ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிவரும். 19 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் முப்பது லிட்டர். விடியற்காலை கூரைத் தகட்டிலிருந்து சொட்டுவது பனி என்று நினைப்போம், பாதி நம் சிலிண்டர்தான்.

அள்ளிய பிறகு

ஆலமோ பைசல்பேட்டோ போட்ட கூளத்தை எரு வாங்குபவர்கள் சந்தேகமாகப் பார்ப்பதுண்டு. நைட்ரஜன் வாயுவாகப் போகாமல் அதிலேயே தங்கியிருப்பதால் எருவின் சத்து கூடத்தான் செய்யும். கொங்குப் பகுதியின் சுண்ணாம்பு மண்ணுக்கு சல்பேட் கெடுதல் இல்லை. என்ன போட்டோம், எவ்வளவு போட்டோம் என்று சொல்லியே விற்கலாம். குவியலைத் தார்ப்பாயால் மூடி, தண்ணீர் தேங்காத மேட்டில் வையுங்கள். மட்க வைப்பதானால் ஈரம் 50 முதல் 60 சதவீதம், உள்சூடு 55 டிகிரிக்கு மேல், பத்து நாளுக்கு ஒருமுறை புரட்டல். மழையில் நனைய விட்டால் ஒரு வாரம் பத்து நாளில் ஈ கிளம்பும், ஊர்க்காரர் புகார் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும். மத்திய வாரியத்தின் பண்ணை வழிகாட்டுதல்கள் இப்போது 5,000 கோழியிலிருந்தே பொருந்தும். குவியலின் மேலும் ஈக்காகச் சுண்ணாம்பு தூவுகிறார்கள். வேண்டாம்; கட்டி வைத்த அம்மோனியா அத்தனையும் அங்கேயிருந்து கிளம்பிவிடும். மேலே ஒரு சாண் காய்ந்த மஞ்சி போர்த்தினால் ஈயும் அடங்கும், நாற்றமும் அடங்கும்.